வெள்ளிக்கிழமையே வராத வாரம்... தெரியுமா? ஊர் ஊராகக் கடிகாரம் காட்டும் வித்தைகள்!

ஒரு நாட்டில் வருஷத்துக்கு 13 மாதம்! இன்னொரு நாட்டில் ஒரு வாரம் வெள்ளிக்கிழமையே வரவில்லை! ஒரு தீவில் வருஷத்தில் ஒரு நாள் ஏர்போர்ட்டையே மூடிவிடுகிறார்கள்! ஒரு ஊர்க் கடிகாரத்தில் 12 என்ற எண்ணே கிடையாது! நம்ப முடிகிறதா?

பாஸ்போர்ட், விசா, மாத்திரை டப்பா, ஊறுகாய் பாட்டில் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறோம். ஆனால், போகிற ஊரில் மணி எப்படிப் பார்ப்பார்கள், தேதி எப்படி எண்ணுவார்கள் என்று யாராவது விசாரிக்கிறோமா? மணி எல்லா ஊரிலும் மணிதானே என்கிறீர்களா? அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்! வாங்க, உலகத்தை ஒரு ரவுண்டு வரலாம்!

ஏழு வயசு குறையணுமா?

எத்தியோப்பியாவுக்கு டிக்கெட் எடுங்கள்! அந்த நாட்டுக் காலண்டர் நம் காலண்டரைவிட 7 அல்லது 8 வருஷம் பின்னால் ஓடுகிறது. 2026 ஜனவரியில் அங்கே நடப்பது 2018! உலகமே 2000-ம் ஆண்டைக் கொண்டாடி முடித்து ஓய்ந்த பிறகு, அவர்கள் 2007 செப்டம்பர் 12 அன்றுதான் அந்த ஆண்டுக்குள் நுழைந்தார்கள். வாண வேடிக்கை எல்லாம் அப்போதுதான்!

மாதம் எத்தனை தெரியுமா? 13! முப்பது முப்பது நாளாக 12 மாதம். மிச்சம் இருக்கும் 5 நாளுக்குத் தனியாக ஒரு குட்டி மாதம்! லீப் வருஷம் என்றால் 6 நாள். மாச வாடகை கொடுப்பவர்கள் மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பீர்களே!

காலை 7 மணிக்கு மணி 1!

அதே எத்தியோப்பியாவில் இன்னொரு அதிர்ச்சி. அங்கே நாள் தொடங்குவது நள்ளிரவில் இல்லை, விடியலில்! நமக்குக் காலை 7 மணி என்றால் அவர்களுக்கு 1 மணி. நமக்கு மதியம் 12 என்றால் அவர்களுக்கு 6! உள்ளூர்க்காரர் “2 மணிக்கு வண்டி” என்றால் காலை 8 மணிக்கே பஸ் புறப்பட்டுவிடும். நீங்கள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆற அமரப் போய் நின்றால்? டாட்டா காட்டக்கூட ஆள் இருக்காது!

கென்யா, தான்சானியாவில் சுவாஹிலி மொழியில் மணி சொல்லும்போதும் இதே கணக்குதான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பகலும் இரவும் வருஷம் முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம். அப்புறம் சூரியனைப் பார்த்து எண்ணுவதில் என்ன தப்பு?

டிப்ஸ்: பஸ் டிக்கெட் வாங்கும்போது “உங்க நேரமா, வெளிநாட்டு நேரமா?” என்று கேட்டே ஆகுங்கள்! விமான டிக்கெட்டில் மட்டும் நமக்குப் பழகிய நள்ளிரவுக் கணக்குதான்.

ஒரு காபி குடிக்க மூணு ரவுண்டு!

காபி பிறந்த மண்ணான எத்தியோப்பியாவில் அவசரக் காபிக்கு மரியாதை கிடையாது! பச்சைக் கொட்டையைக் கழுவி, உங்கள் கண் முன்னாலேயே வாணலியில் வறுப்பார்கள். அந்தப் புகையை விருந்தாளிகள் மூக்கருகே கொண்டுவந்து காட்டுவார்கள். பிறகு இடித்து, மண் கூஜாவில் கொதிக்கவிட்டு, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ள என்ன தெரியுமா? பாப்கார்ன்! அபோல், தோனா, பரக்கா என்று மொத்தம் மூன்று சுற்று. மூன்றாவதில்தான் ஆசீர்வாதம்! பாதியில் எழுந்து போனால் வீட்டம்மா மனசு சங்கடப்படும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள்!

காணாமல் போன வெள்ளிக்கிழமை!

2011 டிசம்பர் 29, வியாழன். பசிபிக் தீவு நாடான சமோவாவில் எல்லோரும் தூங்கப் போனார்கள். எழுந்து பார்த்தால் சனிக்கிழமை, டிசம்பர் 31! நடுவில் இருந்த வெள்ளிக்கிழமை எங்கே? காலண்டரிலிருந்தே தூக்கிவிட்டார்கள்! அன்றைக்குப் பிறந்த நாள் கொண்டாட வேண்டியவர்கள் பாடு என்ன ஆனதோ!

காரணம் வியாபாரம். ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும்தான் அவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல். இங்கே வெள்ளிக்கிழமை என்றால் அங்கே சனி, விடுமுறை. இங்கே ஞாயிறு சர்ச்சில் இருந்தால் அங்கே திங்கள், ஆபீஸ் திறந்தாச்சு! அதனால் சர்வதேசத் தேதிக் கோட்டின் அடுத்த பக்கத்துக்கு நாடே தாவிவிட்டது. வேலையே செய்யாத அந்த வெள்ளிக்கும் ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு என்று அரசு சொன்னதுதான் ஹைலைட்!

இதே சமோவா 1892-ல் அமெரிக்க வியாபாரிகளுக்காகக் கோட்டின் அந்தப் பக்கம் போனபோது ஜூலை 4-ம் தேதி ரெண்டு தடவை வந்தது. கணக்கு நேராகிவிட்டது!

இன்று ஏறி, நேற்று இறங்கலாம்!

பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்கன் சமோவா மட்டும் பழைய இடத்திலேயே இருந்துவிட்டது. இடையே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் வித்தியாசம் 24 மணி நேரம்! கைக்கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், ரெண்டு ஊரிலும் ஒரே மணி. தேதி மட்டும்தான் வேறு! திங்கட்கிழமை காலையில் சின்ன விமானத்தில் ஏறினால், ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கலாம். ஒரே பிறந்த நாளை ரெண்டு தடவை கொண்டாடணுமா? இதைவிடச் சுலபமான வழி உண்டா?

நாளைக்கும் நேற்றைக்கும் நடுவே 4 கிலோமீட்டர்!

பெரிங் ஜலசந்தியில் ரெண்டு தீவுகள். பெரிய டயோமீட் ரஷ்யாவுக்கு, சின்ன டயோமீட் அமெரிக்காவுக்கு. நடுவே நாலு கிலோமீட்டர்கூட இல்லை! கரையில் நின்று பார்த்தால் அடுத்த நாடு தெரியும். ஆனால் நேர வித்தியாசம்? பருவத்துக்கு ஏற்ப 20 அல்லது 21 மணி நேரம்! அதனால் ஒன்றை ‘நாளைத் தீவு’ என்றும் இன்னொன்றை ‘நேற்றுத் தீவு’ என்றும் செல்லமாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவிலிருந்தே நாளைய தினத்தைக் கண்ணால் பார்க்கலாம். போகத்தான் முடியாது!

ஒரு நாள் எங்கே தொலைந்தது?

1522-ல் மெகல்லன் குழுவில் எஞ்சிய விக்டோரியா கப்பல், உலகையே சுற்றித் திரும்பும் வழியில் கேப் வெர்டே தீவில் நின்றது. கரைக்குப் போனவர்கள் கிழமை விசாரித்தார்கள். வியாழன் என்று பதில் வந்தது! கப்பலில் அன்று புதன். தினம் விடாமல் குறிப்பெழுதிய அந்தோனியோ பிகாஃபெட்டாவுக்குத் தலை சுற்றிவிட்டது. எங்கே தப்பு? எங்கேயும் இல்லை! மேற்கே போய்க்கொண்டே உலகைச் சுற்றினால் ஒரு நாள் குறைந்தே தீரும் என்று மனிதன் நேரில் கண்டது அப்போதுதான்!

எல்லை தாண்டினால் மூன்றரை மணி நேரம் லாபம்!

கிழக்கிலிருந்து மேற்கே 5,000 கிலோமீட்டர் விரிந்து கிடக்கும் சீனாவில் எத்தனை நேர மண்டலம் இருக்கும்? ஐந்தா? ஆறா? ஒன்றே ஒன்று! நாடு முழுக்க பெய்ஜிங் நேரம்தான். விளைவு? மேற்கு மூலையில் இருக்கும் காஷ்கர் நகரில் கோடைக் காலத்தில் இரவு 10 மணிக்கும் வெயில்! குளிர்காலத்தில் காலை 10 மணி வாக்கில்தான் விடியும்! அதனால் அங்கே பலர் பெய்ஜிங் நேரத்தில் 2 மணி நேரம் கழித்துத் தங்களுக்கென்று ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள். யாராவது “6 மணிக்கு வாங்க” என்றால் எந்த 6 என்று கேளுங்கள்!

அங்கிருந்து ஆப்கானிஸ்தான் எல்லையில் ஒரு காலடி எடுத்து வைத்தால் கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடும்!

அது சரி, உலகிலேயே அதிக நேர மண்டலங்கள் கொண்ட நாடு எது? ரஷ்யாவா? அதற்கு 11-தான். முதலிடம் பிரான்ஸுக்கு! கடல் கடந்த தீவுகளையும் பகுதிகளையும் சேர்த்தால் 12!

அந்தக் கால் மணி நேரம்!

காத்மாண்டுவில் இறங்கியதும் கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். ஆமாம், வெறும் 15 நிமிடம்! கௌரிசங்கர் மலையைக் கணக்கில் வைத்து 1986-ல் நேபாளம் எடுத்த முடிவு இது. அதற்கு முன் நம் நேரம்தான் அங்கேயும். காலண்டரோ 56, 57 வருஷம் முன்னால் ஓடுகிறது. 2026 ஏப்ரல் நடுவில் அங்கே பிறப்பது 2083! நாம் சித்திரையை வரவேற்கும் அதே நாள்களில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு.

நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் இன்னும் வேடிக்கை. சொந்த நாட்டைவிட 45 நிமிடம் முந்தி இருக்கிறார்கள்!

ஏர்போர்ட்டுக்கே லீவு!

பாலித் தீவில் வருஷத்தில் ஒரு நாள் விமானம் இறங்காது, ஏறாது! சக ஆண்டுப் பிறப்பான ‘நியெபி’ அன்று 24 மணி நேரமும் ஏர்போர்ட் மூடல். கடை இல்லை, வண்டி இல்லை, அடுப்பு இல்லை, விளக்கு இல்லை! 2018 முதல் மொபைல் இன்டர்நெட்டையும் நிறுத்துகிறார்கள்! சுற்றுலாப் பயணிகளும் ஹோட்டலை விட்டு வெளியே தலைகாட்டக் கூடாது. கட்டம் போட்ட வேட்டி கட்டிய ஊர்க்காவலர்கள் தெருத்தெருவாக ரோந்து வருவார்கள். ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் கதவைத் தட்டிவிடுவார்கள்!

முந்தின நாள் ராத்திரி நேர்மாறு! ‘ஒகோ ஒகோ’ என்ற ராட்சச பொம்மைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே ஆடித் தீர்க்கும். கோரைப் பல்லும் பிதுங்கிய கண்ணுமாக ஒவ்வொரு பொம்மையும் ஆளைவிடப் பல மடங்கு உயரம்!

டிப்ஸ்: நியெபி பெரும்பாலும் மார்ச்சில் வரும். 2026-ல் மார்ச் 19. தேதி பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள்!

ஒரே நேரத்தில் பத்து வாரங்கள்!

பாலியில் 210 நாளுக்கு ஒரு தடவை சுழலும் இன்னொரு காலண்டரும் உண்டு. அதில் வாரத்துக்கு எத்தனை நாள்? 7 மட்டுமல்ல! ஒரு நாள் வாரம், இரண்டு நாள் வாரம் என்று தொடங்கி 10 நாள் வாரம் வரை பத்து வகை வாரங்கள் ஒன்றாக ஓடுகின்றன! குழந்தை பிறந்து 210-வது நாளில் முதல் ‘ஒத்தோனான்’ விழா. கலுங்கான் பண்டிகையும் 210 நாளுக்கு ஒரு முறை. அதனால் சில வருஷங்களில் ரெண்டு கலுங்கான் வரும்! வளைந்த மூங்கில்கள் தெரு நெடுக நிற்பதைப் பார்த்தால், நீங்கள் சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்!

இந்தப் பால் பாக்கெட் 2569-ல் காலாவதி!

பேங்காக் கடையில் பால் வாங்குகிறீர்கள். தேதியைப் பார்த்தால் 2569! ஐந்நூறு வருஷம் கெடாத பாலா? பயப்படாதீர்கள், அது புத்த ஆண்டு! தாய்லாந்துக் கணக்கு நம்மைவிட 543 வருஷம் முன்னால் இருக்கிறது. 2026 என்றால் 2569. சில பாக்கெட்டுகளில் ‘69’ என்று மட்டும் இருக்கும். 543 கழித்துப் பார்க்கப் பழகுங்கள்!

பேச்சு வழக்கில் மணியும் தனி ரகம். இரவு 7 மணியை ‘ஒரு தும்’ என்பார்கள். 8 மணி ரெண்டு தும், 11 மணி ஐந்து தும்!

எந்தக் கிழமையில் பிறந்தீங்க?

தாய்லாந்துக் கோயிலுக்குப் போகும் முன் இதை வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள்! ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு புத்தர் கோலம் உண்டு. செவ்வாய் என்றால் படுத்த புத்தர். சனி என்றால் நாகம் குடை பிடிக்கும் புத்தர். மொத்தம் எத்தனை? ஏழு என்பீர்கள். எட்டு! புதன்கிழமையை இரண்டாக உடைத்துவிட்டார்கள்!

மியான்மரில் யாங்கோனின் ஷ்வேடகோன் பகோடாவிலும் இதே எட்டுக் கணக்கு. கோபுரத்தைச் சுற்றி எட்டுக் கிரக மூலைகள். திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், புதன் காலைக்குத் தந்தமுள்ள யானை. புதன் மதியத்துக்கு மேல் பிறந்தவர்களுக்கு? தந்தமில்லாத யானை, கிரகம் யார் தெரியுமா? நம்ம ராகு! பக்தர்கள் தங்கள் மூலைக்குப் போய், வயதுக் கணக்குக்குக் கூட ஒரு கிண்ணம் சேர்த்து, சின்ன புத்தர் சிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வெள்ளைப் பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். மதிய வெயிலில் போனால் நீங்களும் ஓட்டமாகத்தான் சுற்றுவீர்கள்!

நொடி சுத்தமாகப் பிறக்கும் புத்தாண்டு!

ஈரானில் நள்ளிரவுக்காக யாரும் காத்திருப்பதில்லை. சூரியன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் அந்த நொடியில்தான் ‘நவ்ரூஸ்’ பிறக்கிறது! 2024-ல் காலை 6 மணி 36 நிமிடம் 26 நொடி. 2025-ல் பகல் 12 மணி 31 நிமிடம் 30 நொடி! வருஷா வருஷம் ஏறக்குறைய 6 மணி நேரம் தள்ளிப் போகும். நடுராத்திரி 2 மணிக்கு வந்தாலும் குடும்பமே குளித்துப் புதுத் துணி உடுத்தி உட்கார்ந்திருக்கும். முன்னால் ஒரே எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள்கள். ஆப்பிள், பூண்டு, வினிகர், கூடவே நம் முளைப்பாரி மாதிரி தட்டில் வளர்த்த கோதுமை முளை! 13-ம் நாள் அந்த முளையை ஓடும் தண்ணீரில் விட்டுவிட்டு, ஊரே வெட்டவெளிக்குப் போய்ச் சாப்பிடும்!

நேற்று பிறந்த குழந்தைக்கு ரெண்டு வயசு!

தென் கொரியாவின் பழைய கணக்குப்படி பிறந்ததுமே வயது 1. ஜனவரி 1 வந்தால் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். அப்படியென்றால் டிசம்பர் 31-ல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே வயது 2! 2023 ஜூன் 28 அன்று சட்டம் மாறி, உலகக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. ஒரே ராத்திரியில் ஒரு நாடே ஒன்றிரண்டு வயது இளமையானது!

25 மணிக்குக் கடை மூடப்படும்!

ஜப்பானில் சில கடை வாசல்களில் ‘18:00 முதல் 26:00 வரை’ என்று எழுதியிருக்கும். அச்சுப் பிழையா? இல்லவே இல்லை! 25 மணி என்றால் நள்ளிரவு 1 மணி. 26 என்றால் 2 மணி. ராத்திரி வியாபாரத்தை அதே தேதியின் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். டி.வி. நிகழ்ச்சி நேரமும் இப்படி வரும்!

ரயில் விஷயத்தில் மட்டும் இம்மியும் பிசகாது. 2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று புறப்பட்டதற்காக நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. தாமதமாகவா? 20 நொடி சீக்கிரமாக!

12 நொடி இல்லை, 12 திராட்சை!

டிசம்பர் 31 இரவு. மாட்ரிட் நகரின் பூயர்த்தா தெல் சோல் சதுக்கம். எல்லோர் கையிலும் 12 பச்சைத் திராட்சை. மணி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஒன்று வாயில் போக வேண்டும். மூன்று நொடிக்கு ஒன்று, 36 நொடியில் பன்னிரண்டு! முடித்தால் வருஷம் முழுக்க யோகம். தோலுரித்து, கொட்டை நீக்கி, சரியாக 12 எண்ணிப் போட்ட குட்டி டின்களே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கின்றன!

உஷார்! முதலில் கோபுரத்தில் பந்து இறங்கும். அடுத்து நாலு ஒத்திகை மணி. அதற்கே வாயில் போட்டால் மானம் போச்சு! அதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆட்டம். கூட்டம் பயமாக இருந்தால் டிசம்பர் 30 இரவே போங்கள். அன்றைக்கே சதுக்கத்தில் ஒத்திகை உண்டு!

ராத்திரிச் சாப்பாடு அங்கே ஏன் 9, 10 மணிக்கு? மாட்ரிட், லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது. ஆனால் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால்! 1940-ல் பிராங்கோ மாற்றியது, இன்னும் திரும்பவில்லை. 7 மணிக்கு ஹோட்டலுக்குப் போனால் நாற்காலிதான் வரவேற்கும்!

11 மணிக்கு மேல் மணியே இல்லை!

கடிகாரத்துக்குப் பேர் போன சுவிட்சர்லாந்தில் சோலோதுர்ன் என்றொரு ஊர். 11 தேவாலயம், 11 நீரூற்று, 11 கோபுரம்! பெரிய தேவாலயத்தில் 11 மணிகள், 11 பலிபீடங்கள், பதினொன்று பதினொன்றாகப் படிக்கட்டு. உச்சமாக, 11 எண்கள் மட்டுமே கொண்ட ஒரு கடிகாரம்! 12-ஐ அதில் தேடவே வேண்டாம்!

சுவிஸ் ரயில் நிலையக் கடிகாரத்தின் சிவப்பு நொடி முள்ளைக் கவனியுங்கள். 58.5 நொடியில் ஒரு சுற்றை முடித்துவிட்டு மேலே ஒரு கணம் நிற்கும். நிமிட முள் நகர்ந்தபிறகுதான் மறுபடி கிளம்பும்!

சுற்ற வேண்டிய பக்கம் சுற்றாத முள்!

பிராகா நகரின் யூத டவுன் ஹாலில் எபிரேய எண்கள் கொண்ட கடிகாரம் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. ஃபுளோரன்ஸ் பேராலயத்துக்குள் ஓவியர் உச்செல்லோ 1443-ல் தீட்டிய கடிகார முகமும் அப்படியே. அதில் 24 மணி, ஒரே முள், நாள் தொடங்குவது சூரிய அஸ்தமனத்தில்! பொலிவியாவின் லா பாஸ் நகரில் நாடாளுமன்றக் கடிகாரத்தையே 2014-ல் திருப்பிப் போட்டார்கள். தெற்கு அரைக்கோளத்தில் நிழல் கடிகாரம் அந்தப் பக்கம்தானே சுற்றும் என்பது அவர்கள் வாதம்!

வேண்டுமென்றே 3 நிமிடம் தப்பு!

எடின்பரோவில் பால்மோரல் ஹோட்டல் கோபுரக் கடிகாரம் 1902-லிருந்து 3 நிமிடம் முன்னால் ஓடுகிறது. பழுதா? இல்லை, ரயிலைத் தவறவிடக் கூடாதே என்ற அக்கறை! கீழேயே வேவர்லி ரயில் நிலையம். வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சரியான மணி காட்டும். டிசம்பர் 31!

அதே ஊர்க் கோட்டையில் 1861 முதல் மதியம் 1 மணிக்கு பீரங்கி வெடிக்கிறார்கள். 12-க்கு ஏன் இல்லை? 12 குண்டுக்குப் பதில் 1 குண்டு போதுமே என்று ஊர்க்காரர்களே கிண்டலடிப்பார்கள்!

ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் இரவு 9:05-க்கு 101 தடவை மணி அடிக்கும். ஏன் ஐந்து நிமிடம் தள்ளி? பழைய ஆக்ஸ்ஃபோர்டு நேரத்தில் அப்போதுதான் மணி 9!

எல்லோரும் படம் எடுக்கும் கோடு... இடம் மாறிப்போச்சு!

கிரீனிச் வானாய்வகத்தில் பூஜ்யத் தீர்க்கரேகையைக் காட்டும் உலோகக் கோட்டின் ரெண்டு பக்கமும் கால் வைத்துப் படம் எடுக்காதவர் யார்? போனில் ஜி.பி.எஸ். பாருங்கள். சுழியம் காட்டாது! இன்றைய பூஜ்யக் கோடு அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே பூங்காவுக்குள் ஓடுகிறது. அங்கே வரிசையும் இல்லை!

கூரையில் இருக்கும் சிவப்புப் பந்தையும் பாருங்கள். 1833 முதல் வேலை பார்க்கிறது. 12:55-க்குப் பாதிக் கம்பம் ஏறும், 12:58-க்கு உச்சிக்குப் போகும், சரியாக 1 மணிக்கு விழும்!

மெட்ராஸ் மணிக்கு ஓடிய ரயில்கள்!

இது நம்ம பெருமை! 19-ம் நூற்றாண்டில் இந்திய ரயில்கள் பெரும்பாலும் எந்த நேரத்தில் ஓடின? மெட்ராஸ் நேரத்தில்! இன்றைய இந்திய நேரத்துக்கு அது சுமார் 9 நிமிடம் பிந்தியது. கல்கத்தா மெட்ராஸைவிட 32 நிமிடம் முன்னால், பம்பாய் அரை மணி பின்னால். நடுவில் இருந்ததால் மெட்ராஸுக்கு யோகம்! நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் 1792-ன் வானாய்வகக் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு!

ஒரே சாலை, பல தடவை மணி மாற்றம்!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றாது. அதற்குள் இருக்கும் நவஹோ பகுதி மாற்றும். நவஹோவுக்கு நடுவில் இருக்கும் ஹோபி பகுதி மாற்றாது! கோடையில் காரில் குறுக்கே போனால் போன் மணி மாறி மாறிக் குதிக்கும். டிப்ஸ்: ஆன்டிலோப் பள்ளத்தாக்குக்கு டூர் பதிவு செய்யும்போது எந்த நேரம் என்று எழுதி வாங்குங்கள்!

மொராக்கோவில் வேறு கதை. ரம்ஜான் மாதம் தொடங்கும்போது நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பும், முடிந்ததும் முன்னால் தள்ளும்!

இரண்டு மாதம் அஸ்தமனமே இல்லை!

நார்வேயின் டிரோம்சோவில் மே 20 வாக்கில் மேலே வந்த சூரியன் ஜூலை 22 வரை மறையாது! நள்ளிரவில் வெயிலில் மராத்தானே ஓடுகிறார்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை நேர்மாறு, சூரியன் தலையே காட்டாது! டிப்ஸ்: கோடையில் போனால் கண் பட்டை கட்டாயம். இல்லையென்றால் தூக்கத்தை மறந்துவிடுங்கள்!

அடுத்த ஸ்வரம் எப்போ?

ஜெர்மனியின் ஹால்பர்ஷ்டாட் ஊர்த் தேவாலயத்தில் ஜான் கேஜ் எழுதிய ஓர் ஆர்கன் இசை ஒலித்துக்கொண்டிருக்கிறது. 2001-ல் தொடங்கியது. எப்போது முடியும்? 2640-ல்! மொத்தம் 639 வருஷம்! முதல் 17 மாதம் வெறும் மௌனம். விசைகளை மணல் மூட்டைகள் அழுத்திக்கொண்டிருக்கின்றன. ஸ்வரம் மாறும் நாளில் உலகெங்கிலுமிருந்து ரசிகர்கள் வந்து குவிகிறார்கள். 2013-க்குப் பிறகு 2020-ல்தான் மாறியது! பிறகு 2022-லும், 2024 பிப்ரவரி 5 அன்றும் மாறியது. அதற்கடுத்த மாற்றம் 2026 ஆகஸ்ட் 5!

பெட்டி கட்டும் முன்...

* டிக்கெட்டில் மணிக்குப் பக்கத்தில் ‘+1’ இருந்தால் இறங்குவது மறுநாள். ஹோட்டலை அந்தத் தேதிக்குப் போடுங்கள்!
* டிக்கெட்டில் இருக்கும் மணி எல்லாம் அந்தந்த ஊர் நேரம். கழித்துப் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்கிடாதீர்கள்!
* போகும் நாட்டின் புத்தாண்டு எப்போது என்று பாருங்கள். கடை அடைப்பும் கொண்டாட்டமும் அன்றைக்குத்தான்!
* சின்ன ஊர்களில் மணி சொன்னால் “விடிஞ்ச பிறகா, இருட்டின பிறகா?” என்று ஒரு கேள்வி போடுங்கள். எந்த மொழியிலும் வேலை செய்யும்!
* கடைசியாக, படித்தவர்களே ஏமாறும் இடம்! சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் ‘15-ம் தேதி, 00:30’ என்று இருக்கிறதா? 14-ம் தேதி ராத்திரி 9:30-க்கே ஏர்போர்ட்டில் நில்லுங்கள்! 15-ம் தேதி ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனால், உங்கள் விமானம் கிளம்பி 20 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்!